தலைவரம்மா இறங்கிப் பார்த்த குழிகள்

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் ஊராட்சித் தலைவரம்மாவுக்குப் போட்ட சால்வைகளை, இரண்டு கட்டைப்பைகளில் திணித்து நான்தான் ஊருக்குத் தூக்கி வந்தேன். பையில் இடம் போதாமல் நாலைந்தை என் தோளிலேயே போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். கண்டக்டர் என்னைத்தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணன் எந்தக் கட்சி?" என்று கேட்டார். சால்வைக்குச் சொந்தக்காரர் ஜன்னலோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களும் சேர்ந்து வைத்திருந்த கூட்டமைப்புக்கு அன்று மதியம்தான் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஓர் ஆள், அதுவும் மேட்டுத்தெருவிலிருந்து ஒரு பெண், இரண்டு மாவட்டத்துக்குத் தலைமை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பஸ் துறைமங்கலம் தாண்டுகிறவரைக்கும் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: காலையில் கிளம்பும்போது மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா.

எங்கள் ஊராட்சியில் நான் டேங்க் ஆபரேட்டர். பெயர்தான் பெரிது, வேலை சின்னது. காலையில் மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டும். பிறகு இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு போய், தெருவுக்கு ஒரு வால்வாக முறை வைத்துத் திறந்துவிட வேண்டும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு இது கிடைத்ததே பெரிய விஷயம். என் சுபாவம்தான் என்னைப் படுத்தும். வால்வை மூடிவிட்டு நாலு எட்டு வைத்ததும் மூடினேனா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். தொட்டிக்குள் பல்லி விழுந்திருக்குமோ, குளோரின் கூடிப்போயிருக்குமோ, எந்த வீட்டுக் குழந்தையாவது வாந்தி எடுத்தால் அது என் தண்ணீரால்தானோ என்று நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டே இருப்பேன். "கவலப்பட ஒண்ணும் இல்லேன்னா, ஏன் இல்லேன்னு கவலப்படுவீங்க" என்பாள் என் மனைவி. இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் நான் கவலைப்பட்டதே இல்லை. அது எங்கள் வீட்டுத் தண்ணீர். எங்கள் வீடு தொட்டிக்கு அடுத்த வீடு. வால்வைத் தொட்டாலே எங்கள் குழாயில் பீய்ச்சி அடிக்கும்.

மேட்டுத்தெரு அப்படியில்லை. தொட்டியிலிருந்து புறப்படுகிற குழாய் இரண்டு தெருக்களைக் கடந்து, மேடேறி, கடைசியில்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். வழியில் இருக்கிற குழாயையெல்லாம் திறந்து வைத்திருப்பார்கள். சில வீடுகளில் மோட்டாரை வைத்து உறிஞ்சுவார்கள். நான் எவ்வளவு நேரம் திறந்துவிட்டாலும் மேட்டுத்தெருக் குழாய் காற்றைத்தான் கக்கும். அதனால் அந்தத் தெருக்காரர்கள், குழாய் பூமிக்குள் வருகிற இடத்திலேயே அதை வெட்டி, சுற்றிலும் குழி தோண்டிவிட்டார்கள். மேலே ஏறமாட்டேன் என்கிற தண்ணீர், பள்ளத்தில் கொஞ்சம் வடியும். குழிக்குள் ஒருத்தி இறங்கிக் குடத்தைப் பிடிக்க, மேலே ஒருத்தி நின்று வாங்க வேண்டும். வருஷத்துக்கு வருஷம் தண்ணீர் இறங்க இறங்கக் குழியும் ஆழமாகிக்கொண்டே போனது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்தத் தெருவில்தான். இடுப்பு வலியோடு அவள் அந்தக் குழியில் இறங்கி ஏறுவதை வால்வுச் சாவியும் கையுமாக நின்று பார்த்திருக்கிறேன். நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தலைவரம்மாவின் வீடும் அதே தெருவில், அக்கா வீட்டுக்கு நாலாவது வீடு. மக்காச்சோளம் ஒடிக்கவும் பருத்தி எடுக்கவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். கணவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் அதிகம். எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது இவரை நிறுத்தியது மேட்டுத்தெருப் பெண்கள். அதிலும் என் அக்காதான் முன்னால் நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி அவள் ஓட்டுக் கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது. "இவ ஜெயிச்சா தொட்டியிலேர்ந்து நம்ம தெருவுக்குன்னு தனிக் கொழா வந்துடும். குழிய மூடிப்புட்டு நிமிந்து நின்னு தண்ணி புடிக்கலாம். வேற என்னத்தக் கேக்குறேன் நானு?" வேறு எதையும் அவள் கேட்கவில்லைதான்.

ஜெயித்த பிறகு தலைவரம்மா என்னையும் கூட்டிக்கொண்டுதான் வெளியே போவார். கிளார்க் சாருக்குக் கம்ப்யூட்டர் வேலையே சரியாக இருந்தது. தலைவரம்மா நன்றாகப் படிப்பார். எழுதத்தான் நேரம் ஆகும். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அது பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. லப்பைக்குடிக்காட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் அட்டைப்பெட்டிகளில் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்துக் கொடுத்து வந்தது. கடைக்காரர் பாய், "பொட்டி எங்க கெடந்தாலும் தூரத்துலேர்ந்தே பேரு தெரியணும் தம்பி" என்பார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலைவரம்மா, "இனிமே மனுவெல்லாம் நீங்களே எழுதுங்கண்ணே" என்றார். அவர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பதவிக்கு வந்த பிறகும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார். நான்தான் வாய் கூசி 'வாங்க போங்க'வுக்கு மாறிக்கொண்டேன்.

கூட்டமைப்புத் தலைவராக அவரை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துத் தலைவர் ஒருவரும் அரியலூர்ப் பக்கத்துத் தலைவர் ஒருவரும் அந்த நாற்காலிக்கு முட்டிக்கொண்டார்கள். இருவருமே கார் வைத்திருக்கிறவர்கள், பின்னால் ஆள் வைத்திருக்கிறவர்கள். காலையிலிருந்து பேசியும் முடிவுக்கு வரவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது யாரோ ஒருவர், ரெண்டு பேருக்கும் வேண்டாம், அந்த அம்மாவைப் போடுங்கள் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இவரைக் கை காட்டினார். பசி வேறு. எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். அன்று பஸ்ஸில் கண்ணைத் திறக்காமலே தலைவரம்மா சொன்னார்: "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சு உக்கார வெச்சிருக்காங்கண்ணே. அவங்க நெனப்ப ஏன் கெடுக்கணும்? கொஞ்ச நாளைக்கு அப்படியே இருந்துட்டுப் போவோம்."

கொஞ்ச நாள்கூட இருக்கவில்லை. அந்தக் கோடையில், தண்ணீர் வேலைகளைப் பார்க்கிற ஆபீஸில் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு தலைவரும் தன் ஊருக்குத் தனிக் குழாய் வேண்டும் என்று மனுவோடு வந்து நின்றார்கள். அதிகாரி சலித்துப்போய், "எல்லா ஊரும் அவசரம்னா எந்த ஊருக்கும் அவசரம் இல்லேன்னு அர்த்தம். நீங்களே பேசி, எது முதல்ல எது பின்னாலன்னு வரிசை போட்டு ஒரே பட்டியலாக் கொடுங்க, பார்க்கலாம்" என்றார். யார் போடுவது அந்த வரிசையை? எல்லோரும் தலைவரம்மாவைப் பார்த்தார்கள். இந்த அம்மா போடட்டும், தப்பாகப் போனால் நாளைக்குத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும் என்ற பார்வை அது. தலைவரம்மா, "எல்லா ஊருக்கும் நேர்ல வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

வந்தார். நானும் போனேன். காலையில் தெருக்களுக்குத் தண்ணீர் விட்டு முடித்ததும் கிளம்புவோம். சாயங்கால முறைக்குத் திரும்ப வேண்டும் என்று எனக்கு மதியத்திலிருந்தே பதைக்கும். டவுன் பஸ்ஸில் பெரம்பலூர், அங்கிருந்து இன்னொரு பஸ், இறங்கி வெயிலில் நடை. அரியலூர் ரோட்டில் போனால் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி தலையில் மாவாகப் படியும். ஒரு நாளைக்கு இரண்டு ஊர், முடிந்தால் மூன்று. போகிற ஊரிலெல்லாம் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கி வைத்து, ஊரில் இத்தனை வீடு, இத்தனை ஓட்டு என்று கணக்கு சொல்லுவார்கள். தலைவரம்மா அதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "ஒங்க ஊருக் கடைசிக் கொழாயக் காட்டுங்க."

அங்கே போனதும் அவர் செய்கிற காரியத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாய்க் குழிக்குள் இறங்கிவிட்டார். நிமிர்ந்து நின்று, குழியின் விளிம்பு தன் உடம்பில் எங்கே வருகிறது என்று பார்த்தார். "எழுதுங்கண்ணே. முழங்கால்." மேலே நின்று நான் எழுதினேன். அந்த நாளிலிருந்து எங்கள் நோட்டில் ஊர்ப் பெயருக்கு எதிரே முழங்கால், தொடை, இடுப்பு, நெஞ்சு என்றுதான் இருக்கும். ஓர் ஊர்த் தலைவர் விவரமாக, கொஞ்சம் நன்றாக இருக்கிற இடத்துக்கே எங்களைக் கூட்டிப் போய், இதுதான் கடைசி என்றார். தலைவரம்மா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இது கடைசி இல்லீங்களே. இங்க பொம்பளைங்க சண்ட போட்ட தடமே இல்லையே" என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே உண்மையான இடத்துக்குக் கூட்டிப் போனார். தன் சொந்தத் தெரு அங்கே இருப்பதைக் காட்ட அவருக்குக் கூச்சம், அவ்வளவுதான்.

ரஞ்சன்குடிப் பக்கம் ஓர் ஊரில் குழி தொடையளவு. குழியில் நின்றபடி தலைவரம்மா மேட்டின் மேல் தெரிந்த பழைய கோட்டையை நிமிர்ந்து பார்த்து, "அவ்ளோ ஒசரத்துல கல்ல ஏத்தியிருக்கான். நமக்கு ஒரு மேட்டுக்குத் தண்ணி ஏத்த முடியல" என்றார். விக்கிரமங்கலத்துப் பக்கம் ஒரு தெருவில் குழி அவர் நெஞ்சுவரை வந்தது. அங்கே பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இறங்க முடியாமல், இறங்குகிறவளுக்காகக் காத்திருந்தாள். தலைவரம்மா இறங்கியதும், "அப்படியே எனக்கும் ஒரு கொடம் புடிச்சிக் குடுத்துடுக்கா" என்றாள். யார் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தலைவரம்மா பிடித்துக் கொடுத்தார். அந்த ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்கு நினைவிருக்கிறது; சாயங்கால பஸ் போய்விட்டது. அன்று எங்கள் ஊரில் தண்ணீர் இருட்டிய பிறகுதான் வந்தது. என்னை எல்லோரும் திட்டினார்கள். அக்கா மட்டும் திட்டவில்லை. "ஊரு ஊராப் போயிப் பாத்துட்டு வாங்க. பாத்தாத்தான் நம்மளுது எவ்ளோ மோசம்னு அவளுக்கே தெரியும்" என்றாள்.

கடைசியாக எங்கள் மேட்டுத்தெருக் குழியையும் அவர் அளந்தார். தினமும் இறங்குகிற குழிதான். இருந்தாலும் மற்ற ஊர்களில் இறங்கியது மாதிரியே செருப்பைக் கழற்றி, இறங்கி, நிமிர்ந்து நின்று சொன்னார்: "இடுப்பு. எழுதுங்கண்ணே." அக்கா மேலே நின்று, "நல்லாப் பாத்துச் சொல்லு புள்ள, இடுப்புக்கு மேல ரெண்டு வெரக்கட இருக்கு" என்று பேரம் பேசினாள். "கூட்டிச் சொல்லக்கூடாதுக்கா" என்று தலைவரம்மா சிரித்தார்.

பட்டியலைச் சுத்தமாக எழுதியது அந்தத் தண்ணீர் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் கிடந்த சிமெண்டு பெஞ்சில். ஆழமான குழி முதலில், ஆழம் குறைந்த குழி கடைசியில். தலைவரம்மா நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று ஊர் எழுதியாயிற்று. நாலாவதற்கு வந்தபோது அவர் நிறுத்தினார். "இடுப்புல நம்ம ஊருதான் வருது" என்றார். நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

கொஞ்சம் முன்னால் எதிர்க் கடையில் டீ குடிக்கப் போயிருந்தேன். கூட்டமைப்பு நாற்காலிக்கு முட்டிக்கொண்ட அந்த இரண்டு பெரிய மனிதர்களில் ஒருவருடைய ஆட்கள் அங்கே நின்றார்கள். "பாரேன், அந்தம்மா சொந்தத் தெருவத்தான் மொதல்ல சொருகும்" என்றான் ஒருவன். "சொருகட்டும், அத வெச்சே எறக்கிடலாம்" என்றான் இன்னொருவன். அந்தப் பேச்சு எனக்குள்ளே முள் மாதிரி நின்றது. பேப்பரில் போடுவார்களோ, விசாரணை வருமோ, பட்டியலை எழுதியவன் யார் என்று என் கையெழுத்தைப் பிடித்துவிடுவார்களோ, இருக்கிற வேலையும் போய்விடுமோ. ஒரு நிமிஷத்துக்குள் இத்தனையும் ஓடியது. கேட்டதைத் தலைவரம்மாவிடம் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம வூட்டு விசேஷத்துல நாம மொத பந்தியில உக்காருவமாங்க? வந்தவங்க சாப்டதும் கடைசியா உக்காரலாம். கடைசில எழுதிடலாமுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அது பெரிய நியாயம். கல்யாண வீட்டுக்காரன் முதல் பந்தியில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். வேப்பம்பூ ஒன்று தாளில் விழுந்தது. தலைவரம்மா அதை ஊதித் தள்ளினார். "அக்காகிட்ட என்னண்ணே சொல்றது?" என்று கேட்டார். "தள்ளித்தானங்க போவுது, இல்லாமயா போவுது" என்றேன். "சரி. கடைசில எழுதுங்க" என்றார். எழுதினேன். ஒரு தாள் நிரம்பி, இரண்டாவது தாளில் கடைசி வரியாக எங்கள் ஊர் வந்தது. ஊர்ப் பெயருக்கு எதிரே 'இடுப்பு' என்று எழுதவும் செய்தேன். மேலே இருக்கிற முழங்கால்களுக்குக் கீழே அந்த இடுப்பு பொருந்தாமல் நின்றது. பார்க்கிற யாரும் கேட்டிருக்கலாம். அதிகாரி அதைக் கேட்கவில்லை. அந்தக் கணக்கையே விநோதமாகப் பார்த்தார். "இது என்னம்மா அளவு?" "என் ஒசரம்தான் சார். எல்லாக் குழியிலயும் எறங்குனது ஒரே ஆளு" என்றார் தலைவரம்மா. அதிகாரி எழுந்து நின்று பட்டியலை வாங்கிக்கொண்டார். வெளியே வந்தபோது அந்த இரண்டு பெரிய மனிதர்களும் எங்கள் கையிலிருந்த நகலைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லவில்லை. அரியலூர்க்காரர் மட்டும் கும்பிட்டுவிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டுவரைக்கும் நான் நிம்மதியாக நடந்தேன். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக நடந்த தூரம் அந்த அளவுதான் இருக்கும்.

முதல் தாளில் இருந்த ஊர்களுக்கெல்லாம் வேலை வந்தது. உண்மையாகவே வந்தது. பள்ளம் தோண்டினார்கள், குழாய் பதித்தார்கள். இரண்டாம் தாள் அடுத்த வருஷம் என்றார்கள். எதிர்பார்க்காத ஒன்றும் நடந்துவிடவில்லை. தலைவரம்மா போய்க் கேட்டார். தேர்தல் வருகிறது, பொறுங்கள் என்றார்கள். பிறகு கேட்டார், பதவிக் காலமே முடிந்துவிட்டது. தலைவர்கள் எல்லோரும் ஒரே நாளில் முன்னாள் ஆனார்கள். தலைவர்கள் இல்லாமல் தலைவர்களின் கூட்டமைப்பு ஏது? தேர்தல் தள்ளிப்போய், ஊராட்சி அரசு போட்ட தனி அலுவலர் கைக்குப் போனது. அவருக்கு எங்கள் ஊர் மாதிரி எத்தனையோ ஊர். நல்ல மனிதர்தான். எங்கள் பட்டியலைப் பற்றிக் கேட்டால், "எந்தப் பட்டியல்?" என்கிறார்.

இந்த நேரத்தில் விக்கிரமங்கலத்துப் பக்கத்து அந்தத் தெருவிலிருந்து கூப்பிட்டார்கள் என்று தலைவரம்மா ஒருநாள் போய்வந்தார். அந்த நெஞ்சளவுக் குழியை மூடி, அதே இடத்தில் முருங்கைக் கொம்பு நட்டிருக்கிறார்களாம். அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பெண் குழந்தையாம், நன்றாக நடக்கிறதாம். சொல்லும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது. பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்பப் பாத்ததுல இன்னும் மூடாம கெடக்குற குழியில நம்மளுதுதாண்ணே ஆழம்" என்றார். "கடைசிப் பந்தியில உக்காந்தா சோறு தீந்துடுமேன்னு ரெண்டு பேருக்கும் தோணல பாருங்க." ரெண்டு பேருக்கும் என்று அவர் சொன்னதை நான் பல நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் அதை என்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

தெருவில் எல்லோரும் அவரைத்தான் சொன்னார்கள். மேட்டுத்தெருக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம், இவர் பட்டியல் கொடுத்தார், ஊர் உலகத்துக்கெல்லாம் தண்ணீர் வந்தது, தங்கள் தெருவுக்கு வரவில்லை என்பதுதான். "மேடையில மால விழுந்ததும் மேட்ட மறந்துட்டா" என்றார்கள். பதவி போன மறுவாரமே அவர் பருத்தி எடுக்கப் போய்விட்டார். அதற்கும் ஒரு பேச்சு. வீட்டுக்கு வந்துபோகும் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். என் மனைவி காபியை நீட்டுவாள். எங்கள் வாசல் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சொல்ல வராது. என் மனைவி ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் குழியில் இறங்கியிருந்தால், அன்று வேப்பமரத்தடியில் பந்தியைப் பற்றி நான் பேசியிருப்பேனா? இன்னொருத்தர் தாகத்தை வைத்துக்கொண்டு பெருந்தன்மை காட்டுவது எவ்வளவு சுலபமாக வந்தது எனக்கு.

இந்தக் கோடையில் அக்கா குழியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கட்டுப் போட்ட நாலாம் நாள் காலை, மேட்டுத்தெரு வால்வைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க நடந்தே மேலே போனேன். குழியைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. குழிக்குள் தலைவரம்மா நின்று தன் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா கையைத் தூளியில் மாட்டிக்கொண்டு, தன் குடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். இறங்க முடியாது, யாராவது பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. வலி வேறு. அவள் வாய் சும்மா இல்லை.

"ரெண்டு மாவட்டத்துக்குத் தண்ணி குடுத்த மகராசி, பாத்து மெதுவாப் புடி. ஒனக்குன்னு ஓட்டுக் கேட்ட காலு இது. நல்ல வேள, கையோட போச்சு."

மற்றவர்கள் சிரித்தார்கள். தலைவரம்மா நிமிரவில்லை. குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே, "நிரம்பட்டும்க்கா, அடுத்தது ஒங்களுக்குத்தான் புடிக்கிறேன்" என்றார். அந்தக் குரலில் ரோஷம் இருந்திருந்தால்கூட நான் பேசாமல் திரும்பியிருப்பேன். இல்லை. சலிப்புக்கூட இல்லை.

"அக்கா, அவங்களச் சொல்லாத" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "நம்ம ஊரு நாலாவதா வந்துச்சு. கடைசில எழுதச் சொன்னது நான்தான். நான்தான் பயந்துக்கிட்டு அப்படிச் சொன்னேன்."

அக்காவின் எதிர்வீட்டுக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடேங்கப்பா! வால்வு தொறக்குற அண்ணன் சொல்லித்தான் ஆபீசுல கேக்குறாங்களாக்கும்! அப்ப ஒங்க வாயால ஒரு லாரித் தண்ணி அனுப்பச் சொல்லுங்கண்ணே." இன்னொருத்தி, "தலைவரம்மாவ வுட்டுக் குடுக்க மனசில்ல, பாவம். கூடவே சுத்துன தோசம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நாள் இதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று நான் பயந்த பயத்தில் எதுவும் நடக்கவில்லை. யாரும் நம்பவே இல்லை. அவ்வளவு பெரிய தப்பைச் செய்யக்கூடிய ஆளாக என்னை ஒருத்தர்கூட நினைக்கவில்லை.

குழிக்குள்ளிருந்து தலைவரம்மா சொன்னார்: "அண்ணன் சும்மா சொல்றாரு. முடிவு எடுத்தது நான்தான்."

அக்கா சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து என் பயத்தையெல்லாம் பார்த்தவள். எந்தப் பயத்துக்கு என் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தை வைத்தே எல்லாவற்றையும் படித்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. இடது கையால் தன் குடத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"எறங்குடா" என்றாள்.

தலைவரம்மா தன் குடத்தை மேலே வைத்துவிட்டு, விளிம்பைப் பிடித்து ஏறி வெளியே வந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இத்தனை வருஷம் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் விட்டவன், அந்தக் குழிக்குள் அன்றுதான் முதல் தடவையாகக் கால் வைத்தேன். அடியில் களி வழுக்கியது. என்னைவிட உயரம் குறைந்த பெண்கள் நிற்கிற இடம். எனக்கே இடுப்பைத் தாண்டி இருந்தது. அவர் அளந்த பிறகு இன்னும் தோண்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஒரு விரல் தடிமன்கூட இல்லை. குடத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் விழும்; நிமிர்த்தினால் சுவரில் ஓடிவிடும். குனிந்தே நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே காலும் கொலுசும் குடங்களின் அடியும்தான் தெரிந்தன. அவர்கள் பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது. யார் வீட்டிலோ கல்யாணம், யாருக்கோ மாப்பிள்ளை.

குடம் பாதி நிரம்பியபோது, மேட்டுத்தெரு வால்வை மூடி, கீழத்தெருவுக்குத் திறந்துவிட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று நினைவு வந்தது. கீழத்தெருக்காரர்கள் இந்நேரம் என்னைத் தேட ஆரம்பித்திருப்பார்கள். வழக்கமாக இந்த நினைப்பு வந்தால் எனக்குக் கால் நிற்காது. நின்றேன். குடம் நிரம்பியதும் இரண்டு கையாலும் தூக்கினேன். தலைவரம்மா குனிந்து வாங்கி, அக்காவின் இடது இடுப்பில் வைத்துவிட்டார். அக்கா போகவில்லை.

"இன்னொரு கொடம் இருக்குடா" என்றாள்.